இன்னொரு தடவை அழு

ஜூன் 4

என் மிட்டாய்க்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. ஃபோனில் என் எண்ணைத் தடுத்துவிட்டாய். அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றேன், முகம் கொடுக்கவில்லை. காகிதம்தான் மிச்சம். நம் வீட்டில் அதைத் தேடி எடுக்கவே அரை நாள் ஆனது. சரியாகச் சாப்பிடுகிறாயா? பத்தாம் வகுப்பு, தலைக்குமேல் படிப்பு இருக்குமே.

செய்தது தப்புதான். உன் சின்ன வயது முழுவதையும் வீடியோ எடுத்து ஊருக்குக் காட்டினேன். எல்லா அம்மாக்களும்தான் எடுத்தார்கள், நான் கொஞ்சம் அதிகமாக எடுத்துவிட்டேன். உன் அறையைப் பார்க்கவே முடியவில்லை. கண்ணீரோடு எழுதுகிறேன், வந்துவிடு.

உன் அம்மா

ஜூன் 11

அம்மாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்வது, நீ வீடியோவில் கூப்பிட்ட அந்த மிட்டாய்க்குட்டியைச் சொல்லித்தான். நீயும் அதையே எழுதியிருக்கிறாய்.

கடிதத்தில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். இதற்குமுன் மேல்தாளில் எழுதியதன் தடம் அழுந்தியிருக்கிறது. "கண்ணீரோடு எழுதுகிறேன்" அதிலும் இருக்கிறது. எனக்கு வந்தது எத்தனையாவது டேக்?

முதல் பல் விழுந்தபோது ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அழுதேன். ஓடி வந்து தூக்குவாய் என்று நினைத்தேன். "ஐயோ, ரெக்கார்டே ஆகல தங்கம். அம்மாவுக்காக இன்னொரு தடவை அழு" என்றாய். அழுதேன். ஊரே பார்த்தது அதைத்தான். இப்போது எனக்கு அழுகை வந்தால், நிஜமா நடிப்பா என்று எனக்கே தெரிவதில்லை.

வீடியோ எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுது.

மகள்

ஜூன் 20

மகளுக்கு,

இதைத் திருப்பி எழுதப் போவதில்லை. கிறுக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அழிப்பதற்குமுன் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை, ஃபோனைத்தான் பார்க்கிறாய். பல் வீடியோவில் கை நின்றுவிட்டது. அழுது முடித்துவிட்டு, "சரியா அழுதேனாம்மா?" என்று கேட்கிறாய். நான் "சூப்பர்" என்கிறேன். அந்த "சூப்பர்" இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

எல்லாம் அழித்தாயிற்று. உன் மழலைக் குரல் இனி என்னிடம் ஒன்றுகூட இல்லை. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

மேலே ஒரு சொல்லை அழுத்தி அடித்திருக்கிறேனே, அது "வந்துவிடு". எழுதிவிட்டு, கேட்க எனக்கு வாயில்லை என்று அடித்தேன். தெரிந்தால் தெரியட்டும்.

படித்துப் பார்த்தால் திருத்தத் தோன்றும், அப்படியே ஒட்டிவிடுகிறேன். என்றைக்காவது நீ வந்தால் கதவைத் திறப்பேன். இரண்டு கையும் சும்மாதான் இருக்கும்.

அம்மா