மிதக்கவிடாத பதினெட்டுப் பைகள்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம், வேலைக்குப் போய் வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன், எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்றுதான் தெரியவில்லை. மூன்று வாரமாக நீ அப்பாவிடம் மட்டும் பேசுகிறாய். பேசி முடித்து அவர் போனை என் பக்கம் நீட்டுவதற்குள் வைத்துவிடுகிறாய், அவரும் சிக்னல் போய்விட்டது என்று எனக்கு ஒரு சமாதானம் சொல்கிறார். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த மனுஷன், எத்தனையோ வண்டியைச் சரிசெய்தார், ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை, காது சிவந்துவிடுகிறது. உன் மேல் எனக்குக் கோபமில்லை. ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்குத் துடிப்பு இல்லை என்று நீ போனில் சொன்னபோது நான் “சரி” என்றேன், அப்புறம் “சாப்பிட்டியா” என்று கேட்டேன். பெற்ற பெண் அப்படி ஒரு சேதி சொல்லும்போது அந்த இரண்டு வார்த்தைதான் என் வாயில் வந்தது. அம்மாவுக்கு நெஞ்சு கல் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கே அந்தச் சந்தேகம் இருக்கிறது. போனை வைத்த பிறகு நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியாது, அதை எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆற்றில் மீன்குஞ்சு விடும் நாள். நம் ஆற்றுக் குழுவைப் பற்றித்தான் போன வருஷம் முழுக்க உன் காது புளிக்கப் பேசினேனே, சாயப்பட்டறைக் கழிவைத் தொட்டியில் சுத்தம் செய்த பிறகுதான் ஆற்றில் விட வேண்டும் என்று நாலு வருஷம் நாயாய்ப் பேயாய் அலைந்தோம், ஒருவழியாகத் தண்ணீர் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. வாராவாரம் நான்தான் பாட்டிலில் பிடித்து லேபில் வைத்துப் பார்ப்பேன், இத்தனை வருஷம் ஊரார் ரத்தத்தைப் பார்த்த கைக்கு ஆற்றைப் பார்ப்பது பெரிய காரியமில்லை. ஆக்சிஜன் ஏறிவிட்டது, இனி மீன் பிழைக்கும் என்று நான் சொன்ன பிறகுதான், இந்த ஆற்றுக்கே உரிய சின்னக் கெண்டையை மறுபடி விடலாம் என்று முடிவெடுத்தார்கள். லாரி ஓட்டி ஓய்வுபெற்ற மீசைக்காரர் பம்ப் ஹவுஸ் சிமெண்டுத் தொட்டியில் ஐந்து மாதம் குஞ்சுகளை வளர்த்தார், ஒருநாள்கூட ஊருக்குப் போகவில்லை, சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்துக்குக்கூடப் போகவில்லை. குஞ்சுகளைப் பையில் கட்டிக் கொண்டுவந்தால் உடனே ஆற்றில் கொட்டக் கூடாது. தொட்டித் தண்ணீர் குளுமை, ஆற்றுத் தண்ணீர் வெயிலில் காய்ந்தது, திடீரென்று சூடு மாறினால் குஞ்சு தாங்காது, செத்துவிடும். பையை அப்படியே அரை மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு ஆற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, அதற்கப்புறம்தான் திறக்க வேண்டும். அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள், நேரம் பார்ப்பதில் நான் கறார் என்று. பதினெட்டுப் பைகளைப் படியில் இறக்கிவைத்துவிட்டு எல்லோரும் மரத்தடிக்கு டீ குடிக்கப் போனார்கள். அப்போதுதான் உன் போன் வந்தது.

போனை இடுப்பில் செருகிக்கொண்டேன், கத்தரியை எடுத்தேன், ஒவ்வொரு பையாக வெட்டி ஆற்றில் கவிழ்த்தேன். ஒன்றைக்கூட மிதக்கவிடவில்லை. மிதக்கவிட வேண்டும் என்பது நினைவில் இருந்ததா என்று கேட்டால் இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவர்கள் திரும்பி வந்தபோது காலிப் பைகளை எண்ணி மடித்து அடுக்கி வைத்திருந்தேனாம். அதற்குள் அரை மணி நேரம் ஆகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். மறுநாள் காலையில் கரை ஓரமெல்லாம் குஞ்சுகள் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. மீசைக்காரர் ஒரு முறத்தைக் கொண்டுவந்து அள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன்.

பழி சாயப்பட்டறை மேல் விழுந்தது. கழிவுத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிற ஆள் திருட்டுத்தனமாக வால்வைத் திறந்துவிட்டான் என்று பேசி, குழு புகார் எழுதியது, முதலாளி அவரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் மூன்று முறை சோதித்தேன், மூன்று முறையும் தண்ணீர் நன்றாகவே இருந்தது. அதைச் சொன்னால் அப்புறம் மீன் எதனால் செத்தது என்று கேட்பார்களே என்று, ரிப்போர்ட் இன்னும் வரவில்லை என்றேன். நாலு நாள் அப்படியே இருந்தேன் மகளே, குற்ற உணர்ச்சிகூட வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ஐந்தாம் நாள் அந்தக் கழிவுத் தொட்டிக்காரரே சர்க்கரை பார்க்க லேபுக்கு வந்து சட்டைக் கையை மடித்துக் கையை நீட்டினார். ஊசி குத்தினேன், ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. “உங்க டெஸ்ட்ல என்னக்கா வந்துச்சு, நான் வால்வைத் தொடவே இல்ல, எம் பொண்டாட்டியே நம்ப மாட்டேங்குறா” என்று கேட்டார். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். தண்ணீர் நன்றாக இருக்கிறது, மீனைக் கொன்றது நான்தான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

சாயங்காலம் குழுவில் எழுந்து நின்று அதையே சொன்னேன், அப்பாவும் கூட வந்து வாசல் பக்கம் நின்றார். ஏன் என்று கேட்டார்கள், மகளிடமிருந்து ஒரு போன் வந்தது என்று மட்டும் சொன்னேன், உன் விஷயம் எதையும் சொல்லவில்லை. புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், தொட்டிக்காரர் திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டார். மீசைக்காரர் இன்னும் என்னோடு பேசவில்லை. தாய்மீன்கள் ஏழு மிச்சமிருக்கின்றன, மறுபடி ஆரம்பிக்கலாம் என்று மற்றவர்களிடம் சொன்னாராம். என்னிடம் வந்து சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம்.

இதையெல்லாம் உன் தலையில் கட்ட எழுதவில்லை, நீ போன் செய்யாமல் இருந்திருந்தால் என்று ஒருநாளும் நினைத்துவிடாதே. நீ சொன்னது என் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயே, விழுந்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அப்பா எனக்கும் சேர்த்து அழுது தீர்த்துவிட்டார், இரண்டு துண்டு நனைந்தது. எனக்கு இதுவரை ஒரு சொட்டு வரவில்லை. மரத்துப்போய்க் கிடக்கிறேன். உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வரும் என்று தோன்றுகிறது, வராமலும் போகலாம்.

இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, வெறும் வயிற்றில் போடாதே. ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்து எனக்கு அனுப்பு. மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள், அவருக்கும் போனது ஒரு குழந்தைதான், ஆம்பிளை என்று யாரும் கேட்கமாட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு வரைக்கும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாட்டு நேரப்படி காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன், அப்பா போனிலிருந்து இல்லை, என் போனிலிருந்து. எடு. பேச ஒன்றும் இல்லாவிட்டால் பேச வேண்டாம், காதில் வைத்துக்கொண்டு சும்மா இரு, நானும் சும்மா இருக்கிறேன்.

உன்
அம்மா