ஏரி மண்ணும் தாளக டப்பாவும்

கல்கத்தா,
புரட்டாசி, 1987

அன்புள்ள தனபாக்கியத்துக்கு,

மண்மகளைக் கோட்டில் ஏந்திய வராகப் பெருமான் அருளால் நலமே. உன் மூட்டுவலி தணிந்ததா?

ஆடுகள் மடிந்ததால், எலவனாசூர்கோட்டை ஏரி வண்டலில் பாஷாணம் உண்டென்று ஊரார் அதை வயலில் இட அஞ்சுகிறார்களே; நீ டப்பாவில் அடைத்து அனுப்பிய அந்த மண்ணை உன் அண்ணன் மகன் ஆதிகேசவன் நேற்று என் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தான். "இடஒதுக்கீடு கேட்டு ரோடு முச்சூடும் மரத்த வெட்டிப் போட்டுக்கினு கீறாங்க மாமா. உளுந்தூர்பேட்டை வரைக்கும் நடந்தேன்" என்றான்.

டப்பா மண்ணை அமிலத்தில் காய்ச்சித் துத்தநாகம் இட்டேன். எழுந்த ஆவி சோதனைத் தாளைப் பழுப்பாக்கியது. பாஷாணத்தின் அடையாளம் அதுவே. மனம் கலங்கி டப்பாவை நோக்கினால், மூடியில் மஞ்சள் பொடி! உன் அண்ணன் மருந்துக்கு வைத்திருக்கும் தாளகம், அதுவும் பாஷாணமே.

"அத்த டப்பாவக் கழுவித்தான் குடுத்துச்சி மாமா!" என்று அவன் விழிக்க, நான் வாய்விட்டு நகைத்தேன். டப்பாவில் அடங்காமல் அவன் துண்டில் முடிந்து வந்த மண்ணைச் சோதித்தேன். தாள் வெளுப்பாகவே நின்றது. வண்டல் தூயது; அஞ்சாமல் வயலில் இடச் சொல். ஆடுகள் வேறெதையோ மேய்ந்திருக்கும்.

துண்டில் மிஞ்சிய மண்ணை என் அறைத் துளசித் தொட்டியில் இட்டேன், தொட்டி நிறையவில்லை. இன்னும் ஒரு படி அனுப்பு, சோதனைக்கு அல்ல. புதுத் துணியில் கட்டு.

ஆதிகேசவன் ரயிலுக்குப் பறக்கிறான்.

வேங்கடபதி