லேடி பெப்பர் இரண்டாவதாக வரவில்லை

லிங்கநகர்,
திருகோணமலை.
12.03.1979

என் கூட்டாளி தவராசாவுக்கு,

இது அருளம்பலம் தன் கையால் எழுதும் முதற் கடிதம். அறுபத்தெட்டு வயதில் வாசிகசாலை வகுப்பில் ரபீக்கா ரீச்சரிடம் படித்துவிட்டேன். இதை எழுதி முடிக்க நாலு நாள் ஆகும். ஆகட்டும். உன்னைத் திட்ட எனக்கு அவசரமில்லை. ஒவ்வொரு எழுத்தாக ருசித்துத் திட்டப்போகிறேன்.

என் வீட்டுச் சுவரில் தொங்கும் படம் நினைவிருக்கிறதா? நான் உன்னை முதுகில் சுமந்துகொண்டு சந்தையில் நிற்கிறேன். நீ என் காதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். நீயே பிரேம் போட்டுத் தந்த படம். என்னிடம் வேறு படம் இல்லாதபடியால் பெண்சாதி நல்லம்மா அதையே மாட்டிவைத்தாள். போன கார்த்திகைப் புயலில் விழுந்து கண்ணாடி உடைந்தது. புதுக் கண்ணாடி போடுவதற்குப் போன கிழமைதான் பின்மட்டையைக் கழற்றினேன். உள்ளே ஒரு பழைய பத்திரிகை. முன்பென்றால் அடுப்பில் போட்டிருப்பேன். இப்போதுதான் கண்டதையெல்லாம் வாசிக்கிறேனே!

“முதலாவதாக வந்த றோயல் டிரம்மர் குறுக்கே ஓடி வழிமறித்ததால் விலக்கப்பட்டது. கிண்ணம் லேடி பெப்பருக்கு.”

மூன்று தரம் வாசித்தேன்.

1954 ஆவணி. கொழும்பில் பெரிய கிண்ணக் குதிரை ஓட்டம். கடைசி வளைவில் லேடி பெப்பர் கழுத்தை நீட்டிக்கொண்டு வந்தாளே, அப்படி ஓர் ஓட்டத்தை நான் பிறகு கண்டதில்லை. உன் டிரம்மர் குறுக்கே பாய்ந்ததை என் கண்ணால் கண்டு கத்தினேன். “தோத்தவன்ர கதை” என்று சொல்லி, நாங்கள் தங்கிய இடத்துக்குப் போகும் பஸ் போய்விடும் என்று என்னை இழுத்துக்கொண்டு வந்தாய். மறுநாள் ரயிலில் உன் கையில் பேப்பர்.

“என்ன மச்சான் கிடக்கு?” என்று கேட்டேன்.

“என்ன கிடக்கும்? உன்ர பெப்பர் ரெண்டாவதுதான். முதுகைத் தயார்படுத்து.”

பந்தயப்படி ஸ்ரேசனிலிருந்து சந்தை வரை சுமந்தேன். அன்றிலிருந்து நான் குதிரை அருளம்பலம். என் மகளின் கல்யாணத்தில்கூட, “குதிரையின்ர பெட்டையோ?” என்று கேட்டார்கள். சந்திச் சுவர்களில் மரண அறிவித்தல்களை இப்போது நானே வாசிக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் பட்டப்பெயரையும் போடுகிறார்கள். எனக்கு என்ன போடுவார்கள் என்று உனக்குத் தெரியும்.

நான் சாக முதல் நீ வரவேண்டும். என்னைச் சந்தை வரை சுமந்து, “என்ர குதிரைதான் தோத்தது” என்று கத்தவேண்டும். உன் இடுப்பு முறிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

இப்படிக்கு,
வென்ற அருளம்பலம்


வெள்ளவத்தை,
கொழும்பு.
25.03.1979

அன்புள்ள அருளம்பலம்,

உறையில் இருந்த எழுத்தைப் பார்த்து, யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை என்று நினைத்தேன். உள்ளே நீ இருந்தாய்.

ஓம், ஒளித்தவன் நான்தான். நான் வேலை செய்த டொக்யாட் கந்தோரில் எல்லாரிடமும் பெருமை பேசிவிட்டுப் போனவன். நீ மூட்டை தூக்கிப் பழகியவன். உன்னைச் சுமந்து பத்து அடி நடக்கவும் என்னால் ஏலாது. ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். பேப்பரை எறிந்தால் யாராவது எடுத்து வாசிப்பார்கள். நீ வாசிக்கமாட்டாய் என்று நம்பி உன் படத்துக்குள்ளேயே வைத்தேன். உன் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டியே இருந்தேன்.

வந்து சுமக்க வழியில்லை. தை மாதம் சீனி வருத்தத்தில் என் வலது காலை எடுத்துவிட்டார்கள். உனக்கு அறிவிக்க மனம் வரவில்லை. என்னை மன்னித்துவிடு.

தவராசா


லிங்கநகர்,
திருகோணமலை.
09.04.1979

தவராசா,

மன்னிப்பு என்ற பாடம் எங்கள் வகுப்பில் இன்னும் வரவில்லை.

காலைப் பற்றி எழுதியிருந்த இடத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் எழுத்துக் கொப்பியைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் யோசித்தேன். ஒரு கால் போனால் பாரமும் குறைவுதானே? தப்பலாம் என்று நினையாதே.

இம்மாதம் 28ஆம் திகதி, சனிக்கிழமை, உன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கு. நான் ஸ்ரேசனில் நிற்பேன். நானே உன்னைச் சுமப்பேன். ஆனால் வழி நெடுக நீ கத்தவேண்டும். மீன்கடை லாபிரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். சத்தம் காணாது என்று அவன் சொன்னால் திரும்பவும் ஸ்ரேசனிலிருந்து தொடங்குவோம்.

தினமும் நெல்லு மூட்டை தூக்கிப் பழகுகிறேன். “இந்த வயசில இடுப்புப் போனா என்னால பாக்க ஏலாது, சொல்லிப்போட்டன்” என்று நல்லம்மா குசினிக்குள் இருந்து கத்துகிறாள். உனக்குச் சீனியில்லாத தேத்தண்ணீர் போடவும் அவள்தான் நினைவுபடுத்தினாள்.

படக்காரனும் வருவான். இந்தமுறை படத்துக்குக் கீழே நானே எழுதுவேன். எழுதிப் பழகியும் விட்டேன்:

மேலே இருப்பவர்: தோற்ற தவராசா.
சுமப்பவர்: வென்ற அருளம்பலம்.