பனிக்காட்சியில் ஒரு காக்கை

தென்போ ஆட்சி 13ஆம் ஆண்டு, பதினோராம் மாதம் 3

அரசுத் தணிக்கை முத்திரை வாங்கிய என் பனிக்காட்சிப் படத்துக்கு, அச்சுக்கட்டை செதுக்குகிற தமெசோ இன்று சமாதி கட்டினான். பைன் மரத்துக்கு மேலே சாம்பல் வானம் அச்சாகும் கட்டையில் உளி வழுக்கிச் சில்லு பெயர்ந்துவிட்டது. அச்சில் ஒரு வெள்ளை ஓட்டை.

"விடுண்ணே, கறுப்பு மை அச்சாகுற கட்டையில ஒரு மரத்துண்டு பதிச்சு ஒரு காக்காயச் செதுக்கி மறைச்சிடறேன்."

மறைத்தும் விட்டான். கொழுத்த காக்கை. என் படத்திலேயே அதுதான் சாப்பிட்டுத் தெம்பாக இருக்கிறது.

9

படம் கடைக்கு வந்தது. ஈ கூட மொய்க்கவில்லை.

12

பதிப்பாளர் புன்கிச்சி மூச்சிரைக்க ஓடி வந்தார். "யோவ், எப்படிய்யா தோணிச்சு! குனிஞ்ச மரம் நம்ம ஊரு, பனி புதுச் சட்டம், காக்கா அந்த மந்திரி!"

பட்டு உடுத்தாதே, நாடகம் பார்க்காதே என்று எடோ நகரத்தையே நோன்பிருக்க வைத்திருக்கும் மந்திரி. படத்தை வாங்கக் கடையில் அடிதடியாம். இருபது வருடம் கொக்கு வரைந்தேன், ஒரு நாய் திரும்பிப் பார்க்கவில்லை.

என் மனைவி ஒதாகி சிரிக்கவில்லை. "கைவிலங்கு போடப்போறாங்க" என்றாள். போன வருடம் பக்கத்துத் தெரு ஓவியருக்கு ஐம்பது நாள் போட்டார்கள். இன்னும் அவரால் தூரிகை பிடிக்க முடியவில்லை. எனக்கு இந்தக் கையை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

14

முத்திரை வைக்கிற அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார்.

"முத்திர வச்ச படத்துல காக்கா இல்லியே?"

உளி வழுக்கியதைச் சொன்னேன். நம்பினால்தானே!

"சரி, பனின்னா யாரு?"

"வெறும் காகிதம்ங்க. அந்த எடத்துல ஒண்ணுமே அச்சடிக்கல."

"ஓஹோ. சட்டத்துல ஒண்ணுமே இல்லங்கற?"

அழுவதா, சிரிப்பதா? காக்கையை எடுத்தால் விட்டுவிடுவாராம். தப்பித்தேன்.

15

தமெசோ காக்கையைச் சீவி எறிந்தான். பழைய ஓட்டை தெரிகிறது. தெரியட்டும். ஓட்டைக்கு யார் என்ன அர்த்தம் சொல்லிவிட முடியும்?

19

சொல்லிவிட்டார்கள். மந்திரி ஒழிந்துபோன இடமாம். முன்னைவிட இரண்டு மடங்கு விற்கிறது.

24

இது ஒதாகியின் கையெழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். வீட்டுக்காவலில் என் இரண்டு மணிக்கட்டும் விலங்கில். இல்லாத காக்கைக்கு ஐம்பது நாள். தமெசோ வந்து அழுதான். திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை.

வலது கைவிரல்கள் மரத்துப் போகின்றன. "பயமா இருக்குன்னு எழுது" என்றேன்.

"எழுதிட்டேன். கையக் குடுங்க, தேச்சு விடறேன்" என்கிறாள்.