அரசனை வெட்டியவன் வீட்டுச் சம்பந்தம்

புரட்டாதிக் கடைசிச் சனி, இரவு.

பேத்தி அபி கட்ட விரும்பும் வெள்ளைக்காரப் பெடியன் இன்று தாயோடு லண்டன் ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் ஓம் சொல்லாமல் நாள் வைப்பதில்லை என்று அபி சொல்லியிருந்தாள். வழக்கப்படி குடும்பம் விசாரித்தேன். அபிதான் மொழிபெயர்த்தாள்.

தாய் பெருமையாகவே சொன்னாள். முந்நூறு வருடத்துக்கும் முந்தி இவர்களுடைய ஆள் ஒருவர் இங்கிலாந்து அரசனின் தலையை வெட்டச் சொல்லிக் கையெழுத்து வைத்தவராம். அரசனின் மகன் ஆட்சிக்கு வந்ததும் அவரையும் கொன்றார்களாம்.

"அவற்ற வழியோ நீங்கள்?" என்றேன்.

"இல்லை அம்மம்மா, அவற்ற தம்பியின்ட வழியாம். அவன் எனக்குச் சகோதரமே இல்லையெண்டு சொல்லித் தம்பிக்காரன் அரசன் பறிக்காமல் காணியைக் காப்பாத்தினவராம்."

அரசனை வெட்டியதைப் பொறுக்கலாம். காணிக்காகக் கூடப்பிறந்தவனை இல்லையென்றவன் வழியில் பெண் கொடுக்கிறதோ? மாட்டேன் என்று வாயெடுக்கும்போது, எனக்கு எத்தனை சகோதரம் என்று தாய் கேட்டாள்.

"நான் தனிய" என்றேன்.

அபி என்னைப் பார்த்தாள். டொரன்டோவில் என் அண்ணை இருப்பது அவளுக்குத் தெரியும். எங்கள் அம்மாவின் செத்தவீட்டன்று தன் மகளின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியவர் அவர்.

"அப்பிடியே சொல்லட்டோ, அம்மம்மா?"

"ஓம், சொல்லு."

சொன்னாள். அதற்குப் பிறகு மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தை மாதம் கலியாணம். அண்ணைக்குக் கலியாண அழைப்புக் காட் போகாது.