முதல் தண்ணீர் கடலுக்கு

இஞ்சாருங்கோ,

இன்றைக்குப் பருப்பு அவிந்துவிட்டது. நீங்கள் போய் வருடம் திரும்பிய ஆட்டைத் திவசத்துக்கென்று விடிய எழும்பி அடுப்பு மூட்டினேன். பருப்புப் பானையை மூடிவிட்டு வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து அகப்பையால் தொட்டுப் பார்த்தால் மாவாகக் கரைந்து கிடக்கிறது. குசினிக்குள் அப்படியே நின்று அழுதேன். பருப்பு அவிந்ததற்கு அழுத பொம்பிளை இந்த வலிகாமத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன வருடம் எட்டாம் நாள் உங்கள் எட்டுச் செலவுக்கு இதே கிணற்றில் அள்ளித்தான் உலை வைத்தேன். எவ்வளவு விறகு எரித்தும் பருப்பு கல்லாகக் கிடந்தது. சோறு மஞ்சளித்தது. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட்டால் பால் திரைந்தது. கடைசியில் பவுசர் லொறியில் பிடித்து வைத்த தண்ணீரில் சமைத்துத்தான் உங்களுக்குப் படைத்தேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். எங்கள் வீட்டில் உப்புத்தான் எல்லாவற்றையும் குப்பையில் போட்டது.

ஆறு என்று சொல்ல இந்தக் குடாநாட்டில் எங்களுக்கு இருப்பது வழுக்கையாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். வெளியூர்க்காரர் பார்த்தால் வாய்க்கால் என்பார்கள். உங்கள் காதில் விழ அப்படிச் சொல்லிவிட்டு ஒருவரும் தப்ப முடியாது. அது கடல்நீரேரியில் விழுகிற இடத்துக் கதவுகள் உங்கள் பொறுப்பில் இருந்தன. கோடையில் கதவை மூடிக் கடலைத் தடுக்க வேண்டும், மாரியில் நல்ல தண்ணீரை மறித்துத் தேக்க வேண்டும். தேங்கிய தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி எங்கள் கிணறுகளுக்கு வந்து சேரும். உத்தியோகம் அரசாங்கத்தினுடையது. ஆனால் உங்களுக்குப் பெண்சாதி நானா, அந்த ஆறா என்று எனக்கே பல தரம் சந்தேகம் வந்ததுண்டு.

காலையில் போனதும் குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைப்பீர்கள். "உப்புப் பாக்கிற மீற்றர் தந்திருக்கிறாங்களெல்லே, பிறகேன் நக்குறியள்?" என்று கேட்டால், "மீற்றருக்குத் தண்ணி விடாய் தெரியாதப்பா" என்பீர்கள். வீட்டிலும் அதே வேலைதான். நான் அள்ளி வைத்த வாளிக்குள் விரலை விட்டு ருசி பார்க்காமல் ஒரு நாளும் குளித்ததில்லை.

இரண்டு மாரி தொடர்ந்து பொய்த்தது. ஆற்றுப் படுக்கையில் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. மூன்றாம் வருடம் கார்த்திகையில் ஒரு நாள் மழை அடித்து ஊற்றியது. உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு நான் கதவடிக்கு வந்தபோது ஊரே அங்கே நின்றது. முன்னால் நின்றவர் என் அண்ணை. பக்கத்து வளவுக்காரர், தோட்டம் செய்கிற கமக்காரருக்கெல்லாம் தலைவர், அந்த மழையை நம்பி வெங்காயம் நட்டவர்.

"மச்சான், இந்த ஒருக்கால் திறவாதையும்" என்றார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு வந்த தண்ணி. இதைக் கடலுக்கு விட்டுட்டு எங்கடை முகத்திலை எப்பிடி முழிக்கப் போறீர்?"

நீங்கள் விரலை நனைத்து நாக்கில் வைத்தீர்கள். "நீங்களும் வாயிலை விட்டுப் பாருங்கோ மச்சான். படுக்கையிலை கிடந்த உப்பு முழுக்க இதிலைதான் கரைஞ்சு நிக்குது. இதை மறிச்சால் எங்கடை கிணத்துக்குள்ளை நாங்களே உப்பைக் கொட்டின மாதிரி. எந்த மாரியிலையும் முதல் தண்ணி கடலுக்கு, அடுத்த தண்ணிதானே எங்களுக்கு?"

"அடுத்த தண்ணி வராட்டி?"

நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். கன்னங்கரேலென்றுதான் கிடந்தது. யார் கேட்டாலும் இதைச் சொல்வேன். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தீர்கள்.

அடுத்த தண்ணீர் வரவில்லை. மார்கழி வெயிலோடு போனது. பொங்கலுக்கு முற்றத்தில் புழுதி பறந்தது. ஆளாளுக்கு மிசின் வைத்து இறைக்க இறைக்கக் கிணறுகளில் உப்பு மேலே ஏறியது. அண்ணையின் வெங்காயம் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே, ஆள் புகுந்து வர வேலியில் ஒரு பொட்டு இருந்ததே, சொதிக் கிண்ணமும் சண்டையும் சமாதானமும் போய்வந்த வழி. அதை ஒரு நாள் தகரம் வைத்து அடைத்தார். தகரத்தில் ஆணி அடிக்கிற சத்தத்தை நீங்கள் விறாந்தையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தீர்கள்.

சந்தியில் "தண்ணியைக் கடலிலை விட்ட மனுசன் போறார்" என்று காது பட எவனோ சொன்னான். பிறகு நீங்கள் சந்திப் பக்கம் போவதையே விட்டீர்கள். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. மழை பெய்திருந்தால் அதே வாய்கள் உங்களைக் கும்பிட்டிருக்கும். வானம் செய்த துரோகத்துக்கு என் மனுசன் ஏன் நெஞ்சுவலி வந்து படுக்க வேண்டும்?

ஆசுப்பத்திரியில் கடைசியாகக் கதைத்ததும் அதைத்தான். "கிணத்துத் தண்ணி எப்பிடியப்பா?" என்று கேட்டீர்கள். அன்று காலையில் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு வந்தவள் நான். "நல்லாயிருக்கு" என்றேன். சிரித்தீர்கள். "உனக்குப் பொய் சொல்ல வராதப்பா" என்றீர்கள். பிறகு கண்ணை மூடினீர்கள். மற்றநாள் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அந்த உப்புத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்கள். அண்ணை முறைக்கு வந்து, தூர நின்று, போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்து கார்த்திகை பிறந்தது. மழை வந்தது. அந்த முறையும் ஊர் கதவடிக்குப் போனது. உங்கள் இடத்துக்கு வந்த புதுத் தம்பி பயந்துபோய்த் திறக்காமல் நின்றாராம். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அன்று பின்னேரம் தகரத்தைப் பிடுங்குகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். பொட்டுக்குள்ளால் அண்ணை தெப்பலாக நனைந்துகொண்டு வந்தார்.

"பிள்ளை, திறக்கச் சொல்லிப்போட்டன்" என்றார். "வாயிலை விட்டுப் பாத்தன், கசக்கிற உப்பு. முதல் தண்ணி போகட்டும் எண்டு சொன்னன். பேந்து மழை பெய்யாட்டி என்னையும் ஏசட்டும்." சொல்லிவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் போய் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சீமெந்தில் சொட்டிக்கொண்டிருந்தது. "மச்சான், நான் உம்மை..." என்று தொடங்கினார்.

மழை பெய்தது. அடுத்தடுத்துப் பெய்தது. கதவை மூடினார்கள், ஆறு நிறைந்தது. உங்களுக்கு வராத மழை அண்ணைக்கு வந்தது. அதை நினைத்தால் சந்தோசப்படுவதா, வானத்தைப் பார்த்து மண் அள்ளித் தூற்றுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. ஒரே ஒரு மாரி முந்தி வந்திருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள்.

சற்று முன்தான் படைத்து முடித்தோம். அண்ணை பருப்பைச் சோற்றில் பிசைந்துவிட்டு, வாயில் வைக்காமல் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் இலைக்குப் பக்கத்தில் செம்பில் கிணற்றுத் தண்ணீர் வைத்திருக்கிறேன். வைக்கும் முன் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உங்கள் பழக்கம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நீங்கள் இருந்த காலத்தில் அதைப் பார்த்து எவ்வளவு பகிடி பண்ணியிருப்பேன்.

இஞ்சாருங்கோ, கிணத்துத் தண்ணி நல்லாயிருக்கு. இந்த முறை பொய்யில்லை. குடியுங்கோ.