மலைப் பக்கம் வேண்டாம் என்றேன்

வைகாசி 9, சனி

கத்திரி வெயில் விடுவதாக இல்லை. பொழுது புலர்வதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. காலை மலைவலம், வழக்கம்போல் சைக்கிளில், மூவராக. பதிகம் ஒன்றை மனத்துள் ஓதிக்கொண்டே மிதித்தேன். அடி அண்ணாமலை நெருங்கும்போது தயாளன் பேசத் தொடங்கிவிட்டார். பதிகம் பாதியில் நின்றது.

செய்ய வேண்டியவை: மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி. வில்வம் சொல்லி வைத்தல். பின்சக்கரத்துக்குக் காற்று.

சரோஜா கடையில் தேநீர். கோவிந்தன் கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தான். கடைவீதியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஐரோப்பாவில் மூன்று வாரம், நாளுக்கோர் ஊராக நடக்கும் பந்தயத்தின் பித்தை எங்களுக்கு ஏற்றிவிட்டவனும் அவனே. இரவில் எவரும் தனியே பார்ப்பதில்லை என்பது ஏற்பாடு. மறுநாள் வலம் முடித்து, முடிவு தெரியாமல், சேர்ந்தே பார்க்க வேண்டும்.

நேற்றைய ஓட்டத்தின் முடிவு: பெருங்கூட்டமாக வந்து கடைசி நேர்ச்சாலையில் பாய்ந்தார்கள். முன்னால் ஆரஞ்சுச் சட்டைக்காரன். அவனுக்கும் வலப்புறத் தடுப்பு வேலிக்கும் நடுவே சிறு இடைவெளி. நீலச் சட்டைக்காரன் அதில் நுழைந்தான். ஆரஞ்சு மெல்ல மெல்ல வலப்புறம் சாய்ந்தான். நீலம் வேலியில் உரசி விழுந்தான். எல்லையை முதலில் கடந்தது ஆரஞ்சுதான். ஆயினும் நடுவர்கள் அவனைக் கூட்டத்தின் கடைசி இடத்துக்கு இறக்கிவிட்டார்கள்.

“அநியாயம் ணா இது” என்றான் கோவிந்தன். “முன்னாடி போறவன் தலைய குனிஞ்சிக்கினு மிதிக்கிறான். பின்னாடி எவன் வரான்னு அவனுக்கு எப்டித் தெரியும்? மூடுற சந்துல போய் தலைய விட்டது யாரு?”

தயாளன் ஓய்வு பெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர். சாலை பற்றிய பேச்சில் எவருக்கும் இடம் தரமாட்டார். “சந்து இருந்துச்சா இல்லியா? இருந்துச்சு. நுழைஞ்சிட்டான். நுழைஞ்சப்புறம் ஓரத்துக்குத் தள்ளி அணைச்சா அதுக்குப் பேரு இன்னா? ஆயுசு பூரா ஸ்டியரிங் புடிச்சவன்டா நான்.”

“சென்னை ரோட்ல நீ எத்தினி பேர அணைச்சிருப்ப, அந்த பாவம்லாம் எங்க போவும்?”

“என் கண்டக்டரைக் கேட்டுப் பாரு. ஒரு கோழி செத்துருக்குமா?”

“கோழி சாட்சிக்கு வராது ணா.”

சரோஜா, “சீக்கிரம் குடிச்சிட்டு சண்டை போடுங்க, கிளாசு கம்மியா இருக்குது” என்றாள்.

பிறகு வழக்கமான வார்த்தை. “ஐயா சொல்லட்டும்.” மார்கழியில் மண்டபத்தில் பதிகங்களுக்கு விளக்கம் சொல்பவன் என்பதால் எனக்கு இந்தப் பதவி. சொன்னேன். இந்த ஊரில் நடந்த முதல் பந்தயமே அடியும் முடியும் தேடியதுதான். தோற்றது குற்றமன்று, பொய்யான வழியில் வெல்ல முனைந்ததே குற்றம். ஆகவே ஆரஞ்சுக்குக் கிடைத்தது தக்க தண்டனை என்று. நிறுத்தி, ஏற்றி இறக்கி, மண்டபத்தில் பேசுவதுபோல. தயாளன் தொடையைத் தட்டினார். கோவிந்தன் கைப்பேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

கண்டறியாத ஊரில் கண்டறியாத இருவர். இவ்வளவு அழகாகத் தீர்ப்புச் சொல்லும் அவசியம் எனக்கென்ன?

வைகாசி 10, ஞாயிறு

திருகாணி கிடைத்தது. கண்ணாடிக் கடைக்காரர் அன்பளிப்பாகத் தந்தார். வாங்கிக்கொண்டேன், வாங்கியிருக்கக் கூடாது.

இன்றும் அதே ஓட்டம், அதே சண்டை. புதிய பந்தயத்தை எவரும் பார்க்கவில்லை. கோவிந்தன் முடிவாக ஒன்று சொன்னான்: “பேசிப் பிரயோசனம் இல்ல ணா. நாளைக்கு ரோட்ல ஓட்டிப் பாத்துடலாம். நான் ஆரஞ்சு, நீ நீலம். அவன் எவ்ளோ சாஞ்சானோ நானும் அவ்ளோதான் சாய்வேன். நீ உள்ள வா. இடம் இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சிடும்.”

“வரேன்டா. வந்து காட்றேன்.”

நான் எல்லைக்கோட்டில் நின்று பார்க்கும் நடுவர். சிரித்தோம். மூவருக்கும் சேர்த்தால் இருநூறு வயது நெருங்கும்.

வைகாசி 11, திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அடி அண்ணாமலை தாண்டிய நேர்ச்சாலை. ஆளரவம் இல்லை. கோவிந்தன் நான்கு செங்கற்களை வைத்து வேலி குறித்தான், படத்தில் கண்டபடியே வலப்புறமாக. எங்களுக்கு வலப்புறம் மலை.

நான், “மலைப் பக்கம் வேண்டாம்” என்றேன்.

மலையை ஒட்டிய ஓரம், கண்ணுக்குப் புலப்படாத சித்தர்கள் வலம் வரும் தடம். நாம் இடப்புறமாகவே செல்ல வேண்டும். இங்கே பிறந்தவருக்குச் சொல்லித் தர வேண்டாத நடைமுறை. சைக்கிளில் போகும்போதும் நாங்கள் மூவரும் அந்த ஓரத்தை விட்டே போவோம். அவர்கள் நடக்கும் இடத்தில் பந்தய விளையாட்டா? செங்கற்களை இடப்புறம் மாற்றச் சொன்னேன்.

கோவிந்தன் தயங்கினான். “ஐயா, இடது பக்கம் தார் ஓரம் சரியில்லிங்க. பள்ளமா இருக்குது.”

“ரெண்டு நிமிஷ விளையாட்டுதானே, கோவிந்தா” என்றேன்.

மாற்றி வைத்தான்.

வேகமாகத்தான் வந்தார்கள். தயாளனின் முகத்தில் ஒரு சிரிப்பு, இருபது வயதுப் பையனின் சிரிப்பு. கோவிந்தன் சாய்ந்தான். படத்தில் கண்ட அளவே சாய்ந்தான், அதை நான் கண்ணால் கண்டேன். தயாளன் உள்ளே வந்தார். இடம் இருந்தது. பிறகு தார் முடிந்தது. முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி, சைக்கிள் அவர்மேல் கவிழ்ந்து, அதனோடு அவரும் சாலையோரக் கால்வாய்க்குள்.

கணுக்கால். எலும்பு முறிந்த ஒலியை எல்லைக்கோட்டில் நின்ற நானும் கேட்டேன்.

ஆட்டோவில் ஏற்றும்போது தயாளன் கோவிந்தனைத் திட்டிய திட்டு எழுதத் தக்கதன்று. கோவிந்தன் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை.

வைகாசி 12, செவ்வாய்

மாவுக்கட்டு. ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை. பணி ஓய்வு பெற்றதிலிருந்து தயாளன் ஒரு பௌர்ணமியும் நடை வலம் தவறியதில்லை. காய்ச்சலோடு நடந்திருக்கிறார். ஊரடங்கில் மலைப்பாதை அடைபட்டபோது மொட்டை மாடியைச் சுற்றிச் சுற்றி வந்து கணக்கை நேர் செய்தவர். மாவுக்கட்டோடு மாடிப்படியும் ஏற முடியாது.

அவர் மனைவி கஸ்தூரி அம்மாள் மருத்துவமனை வராந்தாவில் கேட்டார்: “ஐயா, நீங்க பக்கத்துலயே இருந்தீங்களே. எப்டிங்க ஆச்சு? அந்த சைக்கிள் கடைக்காரன் வேணும்னே இடிச்சானா?”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னது என்ன? வினைப்பயன் பற்றி நாலு வாக்கியம். நன்றாகவே வந்தன. அந்த அம்மாள் கையைக் கூப்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.  வாக்கியங்கள் நன்றாக வந்ததுதான் உறுத்தியது.

வேணுமென்றே இடிக்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

வைகாசி 14, வியாழன்

தனியே வலம். காற்று எதிர்முகம். வில்வம் வந்தது, பாதி பூச்சி.

சரோஜா கடையில் ஒரே பேச்சு. சந்தைக்குப் போகும் ஒருவர்: “கோவிந்தன் சைக்கிள அணைச்சிட்டானாமே. படத்துல பாத்தத அப்டியே செஞ்சி காட்டிட்டானாம்.” சரோஜா என்னைப் பார்த்தாள். நான் தேநீரைப் பார்த்தேன்.

திரும்பும் வழியில் கோவிந்தன் கடை. பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“வலத்துக்கு வரலியா?”

“கடைல வேலை ஜாஸ்திங்க ஐயா.”

“கோவிந்தா, அன்னிக்கு நீ ஓரம் சரியில்லன்னு சொன்னே...”

“அத விடுங்க.” டியூபைத் தண்ணீரில் அழுத்தினான். “நீங்க ஒரு காரணமாத்தான சொன்னீங்க. அத எங்கனா வெளிய பேசினா சாமி சமாச்சாரத்துல போய் நிக்கும். என்னைத் திட்டிட்டுப் போட்டும். எனக்குப் பழக்கம்தான்.”

டியூபிலிருந்து குமிழி வந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டான். என் சைக்கிளுக்கும் காற்றடித்துக் கொடுத்தான்.

வீட்டில் வெண்பா ஒன்று எழ முயன்றது. வருத்தத்தைப் பொருளாகக் கொண்டு. முதலடி தளை தட்டாமல் வந்துவிட்டது. தாளைக் கிழித்தேன்.

வைகாசி 15, வெள்ளி

கோயில். கூட்டம் தொடங்கிவிட்டது. வெளியூர்ப் பேருந்துகள். விடுதிகளில் இடமில்லையாம்.

வெளியே பூக்கடை. மல்லிகை, சம்பங்கி, மருக்கொழுந்து. தாழம்பூ மட்டும் அண்ணாமலையார்க்கு ஆகாது. முடியைக் கண்டதாகப் பொய்ச்சாட்சி சொன்ன பூ. எத்தனை மார்கழியில் இதை விரித்துரைத்திருப்பேன்! குற்றவாளியாகிய பூவை எள்ளி நகையாடி, கூட்டத்தைச் சிரிக்க வைத்து.

நான் பொய் சொல்லவில்லை. கேட்டபோது வேறொன்றைச் சொன்னேன். பூவும் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டிருக்கும்.

மிளகு, கடுகு, கற்பூரம் வாங்கினேன். கடுகு வீட்டில் இருக்கிறது.

வைகாசி 16, சனி

சித்தர் பெருமக்கள் சாலையோரத்தில் இரு முதியவர் சைக்கிள் விட்டதற்காகச் சினந்திருப்பார்களா? இதுவரை நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி. அவர்களுக்காக நான் ஏன் சினந்தேன்? அந்த விடியலில், ஓர் ஆள் தயங்கி எச்சரித்தபோது, எனக்கு முன் நின்றது பக்தியா, நான் சொன்னது நடக்க வேண்டும் என்னும் எண்ணமா? விடை தெரியும். எழுத மனமில்லை.

கோவிந்தனிடம் அந்த ஓட்டத்தின் முடிவுப் படத்தைக் கேட்டு வாங்கி, என் கைப்பேசியில் தனியே பார்த்தேன். பலமுறை. ஆரஞ்சுக்காரன் ஒருமுறையும் தலையைத் திருப்பவில்லை. சாலையே அவ்விடத்தில் சற்று வளைகிறது. அவன் நேராகத்தான் போயிருக்கிறான் என்று இப்போது படுகிறது. அன்று நான் இதைப் பார்க்கவே இல்லை. எதைச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாளை தயாளன் வீடு.

வைகாசி 17, ஞாயிறு. பௌர்ணமி

வெக்கை. பிற்பகலிலேயே பாதை நிறைந்துவிட்டது. தயாளன் வீடு அடி அண்ணாமலையில், வலப் பாதையை ஒட்டியே. வாசலில் கஸ்தூரி அம்மாள் நடப்போர்க்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஜன்னலருகில் தயாளன். கால் முக்காலிமேல்.

சிறிது நேரம் இருவரும் வெளியே போகும் கால்களைப் பார்த்தோம். செருப்பில்லாத கால்கள். மெட்டி அணிந்தவை, வெடித்தவை, மருதாணி வைத்தவை.

“இன்னிக்கு ஒருநாள்தான் தவறுது” என்றார். பிறகு, “தவறிடுச்சு” என்றார்.

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. வாக்கியம் எதையும் அமைத்துக்கொள்ளாமல் சொன்னேன். “தயாளன், வேலிய இடது பக்கம் மாத்தச் சொன்னது நான். ஓரம் சரியில்லன்னு கோவிந்தன் சொன்னான். நான்தான் கேக்கல.”

அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை.

“தெரியுங்க ஐயா. பக்கத்துலதான சைக்கிள புடிச்சிக்கினு நின்னேன். காதுல வுழுந்துச்சு.”

“அப்போ அவன ஏன் திட்டினீங்க?”

“வலி தாங்கல. யாரையாவது திட்டணும்.” மாவுக்கட்டின் விளிம்பைச் சொறிந்தார். “உங்களத் திட்ட வாய் வருமாங்க? அவன் நின்னான். அவனத் திட்டிட்டேன்.”

இத்தனை ஆண்டு ‘ஐயா’ என்ற சொல்லைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறேன். அதன் விலையைக் கோவிந்தன் கொடுத்திருக்கிறான்.

“இப்பத் திட்டுங்க” என்றேன்.

“போங்க ஐயா, நீங்க வேற.”

கஸ்தூரி அம்மாள் மோர்ச் சொம்போடு வாசற்படியில் நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார்.  எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி வைத்துவிட்டு வெளியே போனார். கை கூப்பவில்லை.

கோவிந்தனை என் கைப்பேசியில் அழைத்தேன். “சொல்லுங்க ஐயா” என்றான். ஒலியைக் கூட்டித் தயாளன் கையில் கொடுத்தேன். அவர் அதைச் சுடுகலம்போல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம், “ஐயா? ஐயா, கேக்குதா?”

“டேய்” என்றார் தயாளன்.

மறுமுனையில் கடைவீதி இரைச்சல் மட்டும்.

“டேய், அவன் சாஞ்சான்டா.”

“யாரு?”

“ஆரஞ்சு.”

 பிறகு: “சாயல ணா.”

“கண்ணு இன்னா பின்னாடியா வச்சிக்கினுகிற? நீயே சாஞ்சிட்டு, அதையும் சாயலன்னுவ.”

“நான் சாஞ்சேன் ணா. அவன் சாயல.”

தயாளன் என்னைப் பார்க்காமல் மூக்கை உறிஞ்சினார். “கடைய எப்ப சாத்துற?”

“ஏன்?”

“அந்தப் படத்த எடுத்துக்கினு வா. காட்றேன் உனக்கு, எங்க சாஞ்சான்னு.”

“நீ இன்னா காட்றது? ரோடே அங்க வளையுது, அதத்தான நான் ஒரு வாரமா...”

“ரோடு வளைஞ்சா வேலியும் வளையும்டா முட்டாளு!”

குரல்கள் ஏறின. வெளியே அரோகராவும் ஏறியது. ஒன்றை ஒன்று மீறிக் கத்தினார்கள். சாலை வளைவதை நானும் கண்டேன். நேற்றெல்லாம் அதையே பார்த்திருந்தேன். சொல் நாக்கு நுனியில் இருந்தது. மோரைக் குடித்து முடித்தேன். என்னை இருவரும் கேட்கவில்லை.